வாட்ச் நார்மல்னுதான் காட்டுச்சு

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூபர்வைசர் வேலை. வீடு காட்பாடியில். போன தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன், ஈசிஜி எடுக்கிற வாட்ச் ஒன்றை அப்பாவின் கையில் மாட்டிவிட்டுப் போனான். தெருவில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் மாமா அதை எடுத்துக் காட்டினார். பக்கவாட்டுத் திருகில் விரலை வைத்து முப்பது நொடி எண்ணுவார். திரையில் கோடு ஓடி முடியும். ‘சைனஸ் ரிதம்’ என்று எழுத்து வரும். பார்த்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் இரவு பத்து மணி சுமாருக்கு அவரிடமிருந்து போன். “நெஞ்சுல ஏதோ கல்லு வச்ச மாதிரி இருக்குது மச்சான். கேஸுதான்னு நெனைக்கிறேன். வாட்ச்சுல மூணு தடவ பாத்துட்டேன், நார்மல்னுதான் காட்டுது.”

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். அந்த வாட்ச் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது எனக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். “அப்ப சரி மாமா, ஒரு ஜெலுசில் போட்டுட்டுப் படுங்க” என்றேன். அந்த ஒரு வரியை நான் இன்னும் மறக்கவில்லை.

காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் பத்து ஒயர் மாட்டி ஈசிஜி எடுத்தார்கள். டூட்டி டாக்டர் பேப்பரை முழுக்கக் கிழிக்கக்கூட இல்லை, மெஷினில் தொங்கும்போதே பார்த்துவிட்டு, “வலி எப்ப ஆரம்பிச்சது?” என்றார். நேற்று ராத்திரி பத்து என்றதும் சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பத்தரை மணி நேரம். மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் கீழ்ச்சுவரில் ஒரு பகுதி செத்துப்போனது போனதுதான். இப்போது மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்.

வாட்ச் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த கேள்வி. அன்று இரவு துடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அது வேறு கேள்வி.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். உடற்பயிற்சிக்குப் பேர்போனவர். அதன்பிறகு காட்பாடி டீக்கடை முதல் கல்லூரிக் கருத்தரங்கு வரை எங்கும் ஒரே பேச்சு: கையிலோ நெஞ்சிலோ ஒரு கருவி இருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும், முன்கூட்டியே தெரிந்தால் பிழைத்திருப்பார். விளம்பரக்காரர்கள் சொல்கிறார்கள், படித்தவர்கள் சொல்கிறார்கள், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். இந்த வாதத்தின் முதல் பாதி மாரடைப்பு விஷயத்தில் தப்பு. இரண்டாம் பாதி அதைவிடப் பெரிய தப்பு. ‘தெரிந்திருக்கும்’ என்பதற்கும் ‘பிழைத்திருப்பார்’ என்பதற்கும் நடுவே ஒரு காற்புள்ளிதான் இருக்கிறது. அந்தக் காற்புள்ளிக்குள் ஐம்பது கிலோமீட்டர் ரோடு, ஒரு ரயில்வே மேம்பாலம், லீவு தர வேண்டிய ஒரு லைன் சூபர்வைசர், தீர்ந்துபோன ஒரு ஈசிஜி பேப்பர் ரோல், எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன.

முதல் பாதியை முதலில் பார்ப்போம். வாட்ச்சின் முதுகில் பச்சை வெளிச்சம் மினுக்குகிறதே, அது தோலுக்குள் போய் ரத்தத்தில் பட்டுத் திரும்புகிறது. துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடும்போது திரும்புகிற வெளிச்சம் குறையும். அதை எண்ணினால் நாடித்துடிப்பு. ஈசிஜி எடுக்கிற வாட்ச்சில் இன்னொரு வேலையும் உண்டு: இடது மணிக்கட்டு ஒரு முனை, வலது விரல் இன்னொரு முனை, இரண்டுக்கும் நடுவே ஓடும் இதய மின்சாரத்தை வரைகிறது. டாக்டர்கள் இதை ‘லீட் ஒன்று’ என்பார்கள். ஆஸ்பத்திரியில் கைகால்களில் நான்கு, மார்பில் ஆறு என்று பத்து ஒயர் மாட்டிப் பன்னிரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். கீழ்ச்சுவர் அடைப்பு காலில் மாட்டிய ஒயர் சேர்ந்தால்தான் சரியாகத் தெரியும். முன்சுவர் அடைப்புக்கு மார்பு ஒயர்கள் வேண்டும். வேலூர்க் கோட்டை வாசலில் நின்றுகொண்டு, அகழிக்கு அந்தப் பக்கம் பின்மதில் இடிந்திருக்கிறதா என்று கேட்டால் யார் சொல்ல முடியும்?

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஆப்பிள் கம்பெனியே தன் ஈசிஜி செயலியில் இது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று எழுதித்தான் விற்கிறது. யார் படிக்கிறார்கள்? வாட்ச்சை வயிற்றிலும் மார்பிலும் இடம் மாற்றி வைத்து மற்ற லீட்களையும் எடுக்கலாம் என்று ஆராய்ச்சி செய்தவர்களும் உண்டு. நெஞ்சு அடைத்து வியர்த்துக் கொட்டும் நேரத்தில் சட்டையைக் கழற்றி அந்த வித்தையைச் செய்யும் நிதானம் உள்ளவர், அதே நிதானத்தோடு 108-க்கு போன் போடலாம்.

அப்படியானால் வாட்ச் எதைத்தான் பிடிக்கிறது? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஒழுங்கற்ற துடிப்பை. மேலறை துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். பெரிய ஆபத்துதான். அமெரிக்காவில் நடந்த ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் 4,19,297 பேர் வாட்ச் கட்டிக்கொண்டார்கள். எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களில் மார்பில் ஒட்டும் பட்டையைக் கட்டித் திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர். அவர்களில் 34 சதவீதத்தினரிடம் அந்தத் துடிப்பு பிடிபட்டது. இந்தக் கோளாறு வந்து வந்து போகும் என்பதால் மீதிப் பேருக்கு வந்தது பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இது பெரும்பாலும் முதியவர்களின் நோய். நாற்பது வயதில் சாகிறவர்களைக் காட்டி விற்கப்படும் பொருள், எழுபது வயதுக்காரர்களின் நோயைத் தேடுகிறது.

சரி, எழுபது வயதுக்காரர்களுக்காவது பயன்படுமா? டென்மார்க்கில் அதையும் பார்த்துவிட்டார்கள். ‘லூப்’ ஆய்வு, 2021-ல் வெளியானது. 70 முதல் 90 வயது வரை, பக்கவாத ஆபத்து உள்ள 6,004 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். நாலில் ஒரு பங்கினருக்கு இடது மார்புத் தோலுக்கடியில் சின்னக் குச்சி போன்ற பதிவுக் கருவி வைத்தார்கள். வாட்ச்சைப் போலக் கழற்றி வைக்கிற பேச்சே இல்லை, இரவும் பகலும் பதிவு. கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதத்தினரிடம் ஒழுங்கற்ற துடிப்பு பிடிபட்டது. வைக்காதவர்களில் 12.2 சதவீதம். பார்த்தீர்களா, இரண்டரை மடங்கு! ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் இரண்டு மடங்குக்கு மேல் பேருக்குத் தொடங்கினார்கள். ஐந்து வருஷத்துக்குமேல் காத்திருந்து பக்கவாதம் வந்தவர்களை எண்ணினால், கருவி வைத்தவர்களில் 4.5 சதவீதம், வைக்காதவர்களில் 5.6 சதவீதம். தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம் என்றுதான் ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது. அதிகமாகத் தேடினார்கள், அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். நோய் அந்த அளவுக்கு அசரவில்லை.

நம்மூர்க் கதை இன்னும் வேறு. வேலூர் பக்கம் முப்பது, நாற்பது வயதில் ஒருவருக்கு இந்த ஒழுங்கற்ற துடிப்பு இருந்தால், முதுமையைவிடச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொண்டை வலியில் தொடங்கி, மூட்டு வீங்கி, கவனிக்காமல் விட்டு, கடைசியில் வால்வு சுருங்கிப்போகும் நோய். நெரிசலான வீடுகளின் நோய், ஏழைகளின் நோய். வால்வு சுருங்கியிருப்பதை ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டர், துடிப்பு கெடுவதற்குப் பல வருஷம் முன்பே காதால் கேட்டுவிட முடியும். துடிப்பு கெட்டபிறகு தேவைப்படுவது வார்ஃபரின் வகை மாத்திரை. இந்த நோயாளிகளுக்குப் புதிய விலை உயர்ந்த மாத்திரையைவிடப் பழைய வார்ஃபரின் வகையே மேல் என்று 4,531 பேரை வைத்து நடந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022-ல் காட்டியது. ஆனால் அந்த மாத்திரை போடுகிறவர் அடிக்கடி ரத்தம் கொடுத்து ஐஎன்ஆர் அளவு பார்க்க வேண்டும். கூடினால் எங்கேயாவது ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். ஒரு வாரம் கீரை அதிகம் தின்றால்கூட அளவு ஆடும்.

பேர்ணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண், இந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்காக மாதா மாதம் வேலூருக்கு பஸ் ஏறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் கூலி, இரண்டு பஸ் டிக்கெட், ஒரு டோக்கன், மத்தியானம் வரை பெஞ்சு. இரண்டு மாதம் வருவாள், மூன்றாம் மாதம் விட்டுவிடுவாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டில் ஐஎன்ஆர் சொல்லும் கையடக்க மீட்டர் உலகத்தில் எப்போதோ வந்துவிட்டது. அதைப் பேர்ணாம்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுவந்து வை என்று ஒரு கருத்தரங்கிலும் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அதில் பளபளப்பு இல்லை. அதுவும் சென்சார்தானே?

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல சீட்டு உடலுக்குள் வைக்கும் கருவிகள். பேஸ்மேக்கரை யாரால் மறுக்க முடியும்? 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகத்தில் முதன்முதலாக உடலுக்குள் வைத்தார்கள். வைத்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. அப்படியும் மாற்றி மாற்றி வைத்து, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார் மனிதர். இன்றைய பேஸ்மேக்கர் துடிப்பு தவறுவதைப் பார்க்கிறது, பார்த்த அந்த நொடியே தானே துடிப்பைக் கொடுக்கிறது. யாருக்கும் போன் போட வேண்டியதில்லை, யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. காரணம் தெரியாமல் மயங்கி விழுகிறவருக்கு டாக்டர் பரிந்துரைத்து வைக்கும் பதிவுக் கருவியையும் நான் மறுக்கவில்லை. அங்கே கேள்வி முதலில் வந்தது, கருவி பிறகு வந்தது.

அடுத்து கார்டியோமெம்ஸ். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் வைக்கும், பேட்டரி இல்லாத அழுத்தமானி. அமெரிக்காவில் 2014-ல் அனுமதி பெற்றது. இதய பலவீனம் உள்ள 550 பேரிடம் நடந்த ‘சேம்பியன்’ ஆய்வில் ஆஸ்பத்திரியில் சேர்வது முதல் ஆறு மாதத்தில் 28 சதவீதம் குறைந்தது. சென்சார் கட்சிக்காரர்கள் மேற்கோள் காட்டாத நாளில்லை. அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். 550 பேருக்கும் கருவி வைத்தார்கள். எல்லோருக்கும், ஒருவர் விடாமல். ஒரு பாதியினரின் அளவுகளை டாக்டர் தினமும் பார்த்து நீர் மாத்திரையைக் கூட்டிக் குறைத்தார். மறு பாதியினரின் அளவுகள் பதிவாயின, டாக்டருக்குக் காட்டப்படவில்லை. நெஞ்சுக்குள் இருந்த கருவி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க, பார்த்து மாத்திரையை மாற்றிய அந்த மனிதரால் வந்தது. கருவியின் வெற்றி என்று கொண்டாடப்படும் ஆய்வு, கருவி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி.

இனி அந்தக் காற்புள்ளிக்கு வருகிறேன்.

இந்தியாவில் 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 நோயாளிகளின் விவரங்களை அலசிய ‘கிரியேட்’ ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வந்தது. முழு அடைப்பு மாரடைப்பு வந்தவர்கள் வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க எடுத்துக்கொண்ட நேரம், நடு அளவாக 300 நிமிடம். ஐந்து மணி நேரம். 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதி உள்ளவர்களில் 5.5 சதவீதம். கொடுத்த சிகிச்சையில் இருந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்துக் கழித்ததும் இந்த வித்தியாசம் மறைந்துபோனது. வேறு மாதிரி சொன்னால், ஏழை இதயமும் பணக்கார இதயமும் ஒரே மாதிரிதான், கிடைத்த மருந்துதான் வேறு.

இதற்கு என்ன செய்வது என்பதற்கு விடை கலிபோர்னியாவில் தேட வேண்டியதில்லை, பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே இருந்தது. 2012-க்கும் 2014-க்கும் இடையில் தமிழ்நாட்டில் ‘டிஎன் ஸ்டெமி’ என்று ஒரு ஏற்பாடு நடத்திப் பார்த்தார்கள். கோவை தாமஸ் அலெக்சாண்டர், சென்னை அஜித் முல்லசாரி போன்ற இதய மருத்துவர்கள் முன்னின்றார்கள். நான்கு பெரிய ஆஸ்பத்திரிகள் மையம், சுற்றிலும் 35 ஆஸ்பத்திரிகள் கிளை. வேலூர் சிஎம்சியும் ஒரு மையம். கிளை ஆஸ்பத்திரியில் பத்து ஒயர் மாட்டி ஈசிஜி எடுப்பார்கள், அது மைய ஆஸ்பத்திரி டாக்டரின் கண்ணுக்குப் போகும், அவர் சொன்னதும் அங்கேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு ஆம்புலன்சில் ஏற்றி ஆஞ்சியோவுக்கு. பணத்துக்கு அரசுக் காப்பீடு. 2,420 நோயாளிகள். ஆஞ்சியோகிராம் பார்க்கப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமானார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6-லிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இது முன்-பின் ஒப்பீடுதான், சீட்டுக் குலுக்கிய ஆய்வு அல்ல. அப்படியும், நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள் என்பது எந்த வாட்ச் விளம்பரத்திலும் நான் பார்க்காத எண்.

அதிலும் ஒரு சென்சார் உண்டு, அது நோயாளியின் கையில் இல்லை, ஆஸ்பத்திரி மேசையில் இருந்தது. அதை ஒட்டி ஒரு மனிதச் சங்கிலி இருந்தது. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டமும் அதே வழிதான். நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்து 14 மாத்திரை, கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்பிவைப்பது. வாட்ச் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த 14 மாத்திரை தெரியும்? மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் நினைவுக்கு வரவில்லை.

“இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?” என்று கேட்பார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வந்து பார்த்தால் நஷ்டம் தெரியும். டேனரியில் ஈரத்தோலைப் புரட்டுகிறவர் முழங்கை வரை சுண்ணாம்பும் ரசாயனமுமாக நிற்கிறார். அந்தக் கையில் எந்த வாட்ச்சைக் கட்டுவது? ஷூ கம்பெனியில் தையல் லைனில் உட்காரும் பெண்ணுக்குத் தாடையிலும் முதுகிலும் வலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது. பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். அவள் எழுந்தால் லைன் நிற்கும், அரை நாள் சம்பளம் போகும், கம்பெனி வேன் சாயங்காலம்தான் கிளம்பும். அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதை அவளிடமே சொல்ல ஒரு கருவி எதற்கு? அவளுக்குத்தான் முதலிலேயே தெரியுமே! தெரிந்ததை நம்பி எழுந்து போகும் உரிமைதான் அவளிடம் இல்லை. ‘வாட்ச் நார்மல்னு காட்டுது, போய் உட்காரும்மா’ என்று சொல்வதற்கு இன்னொரு சாட்சி சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்கா, கையில் துணிப்பட்டை சுற்றிக் காற்றடித்து அளவு பார்க்கிறார், மாத்திரையைக் கையோடு கொடுத்துவிட்டுப் போகிறார். பட்டை சுற்றாமல் அழுத்தம் சொல்வதாக விற்கப்படும் வாட்ச்களைச் சிகிச்சைக்கு நம்ப வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் 2022-ல் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் அந்த அக்கா வரும்போது “எங்கிட்ட வாட்ச்சே இருக்குதும்மா” என்று கதவுக்குள்ளிருந்தே சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. நஷ்டம் கேட்டீர்களே, அது இதுதான்.

காட்பாடியைச் சுற்றி இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். வருஷா வருஷம் ப்ராஜெக்ட் சீசனில் மூன்று ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டி, சின்ன போர்டில் கோடு வரவைத்து, போனுக்கு அலாரம் அனுப்பிக் காட்டுவார்கள். நானும் நடுவராக உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். அலாரம் யாருக்குப் போகும் என்று கேட்டால் ‘டாக்டருக்கு சார்’ என்பார்கள். எந்த டாக்டருக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு அவர் என்ன செய்வார் என்று கேட்டால் பவர்பாயிண்டில் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

போன வருஷம் ஒரு மாணவியை மட்டும் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பி, ஈசிஜி அறையில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா என்றேன். திரும்பி வந்து ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். காலை பதினொன்றரைக்கு பேப்பர் ரோல் தீர்ந்தது. ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு மார்பு உறிஞ்சுக் கிண்ணத்தில் ரப்பர் விரிந்து ஒட்டவே இல்லை. நர்ஸ் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எடுத்தார். ஜெல்லிக்குப் பதில் தண்ணீர். எடுத்த ஈசிஜியை வாட்ஸ்ஆப்பில் அனுப்ப நர்ஸின் சொந்த போன், சொந்த டேட்டா. அவள் செய்த ப்ராஜெக்ட், ரோல் தீரப் போவதை ஐம்பது ஈசிஜிக்கு முன்பே சொல்லும் ஒரு சின்னக் கவுண்டர். பரிசு கிடைக்கவில்லை. ‘இன்னோவேஷன் இல்லை’ என்று மற்ற நடுவர்கள் எழுதினார்கள்.

மாமா இப்போதும் அந்த வாட்ச்சைக் கட்டுகிறார், நடையை எண்ண. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர், “இந்த ஈசிஜிய எப்பவும் கூடவே வச்சுக்குங்க, அடுத்த தடவ வலி வந்தா பழசோட ஒப்பிட்டுப் பாக்க உதவும்” என்று சொல்லியிருந்தார். மாமா அதைப் பத்திரப்படுத்த ஒரு கடையில் லேமினேஷன் போடக் கொடுத்தார். ஈசிஜி பேப்பர் சூடு பட்டால் கறுக்கும் பேப்பர் என்று கடைக்காரப் பையனுக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. மெஷினுக்குள் வெள்ளையாகப் போனது மறுபக்கம் கன்னங்கரேலென்று வந்தது. நல்ல வேளை, ஆஸ்பத்திரி ஃபைலில் இன்னொரு பிரதி இருந்தது. அக்கா போய் வாங்கி, பத்து ஜெராக்ஸ் எடுத்தாள். ஒன்று மாமாவின் சட்டைப்பையில், ஒன்று ஸ்கூட்டர் டிக்கியில் ஆர்சி புக்கோடு, ஒன்று கம்பெனியில் டைம் ஆபீஸில். ஒன்றை எனக்கும் கொடுத்தாள், போனை எடுத்ததும் ஜெலுசில் என்று சொல்லாமல் இருக்க.